ஒரு அரிசி தூரம் நகர்ந்த வெளிச்சம்

என் மனைவி கோமதியிடம் யாராவது "வீட்டுக்காரருக்கு என்ன வேலை?" என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் "யுனிவர்சிட்டியில கண்ணாடி கழுவுறாரு" என்பாள். பதினோரு வருடமாக இதே பதில். கல்யாண வீடு, கருமாதி வீடு, மலேசியாவில் ஈப்போவிலிருக்கும் எங்கள் அடுக்குமாடியின் லிப்ட், எங்கே கேட்டாலும் இதேதான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாலும் இதேதான்.

பொய் என்றும் சொல்ல முடியாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் கண்ணாடி கழுவுகிறேன். ஆனால் எதற்காகக் கழுவுகிறேன் என்று ஒன்று இருக்கிறதல்லவா? பள்ளிக்கூடத்தில் முப்பட்டகம் பார்த்திருப்பீர்கள். முக்கோணக் கண்ணாடி, ஒரு பக்கம் நுழைந்த வெளிச்சம் மறுபக்கம் வளைந்து, நிறம் நிறமாகப் பிரிந்து வரும். எவ்வளவு வளையும் என்பது அந்தக் கண்ணாடியின் பிறவிக் குணம், மாற்ற முடியாது. எங்களுடையது அப்படியல்ல. அது தட்டைக் கண்ணாடிகளால் ஒட்டிய முக்கோணக் கூடு. உள்ளே காற்று கிடையாது, ருபீடியம் என்கிற உலோகத்தில் ஒரு துணுக்கு மட்டும் இருக்கும். சூடாக்கினால் அது ஆவியாகிக் கூட்டை நிரப்பும். அந்த ஆவியில் இருக்கும் அணுக்களுக்குப் பிடித்த நிறம் ஒன்று உண்டு. அந்த நிறத்துக்கு மிக அருகில் ஒரு லேசர் ஒளியை அனுப்பி, கூடவே இரண்டாவதாக இன்னொரு லேசரையும் விட்டால், முதல் ஒளி எவ்வளவு வளைய வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். இரண்டாவது ஒளிக்கு நான் வைத்திருக்கும் பெயர் மாமியார். அவர் வந்து நின்றால் முதல் ஒளி தன் நடையை மாற்றிக்கொள்ளும்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சானாய், அதாவது எங்கள் ஊர்ப் பரோட்டா, சாப்பிட்டுக்கொண்டே கோமதிக்கு விளக்கினேன். முழுசாகக் கேட்டாள்.

"சரி, எவ்ளோ வளையும்?"

"ரொம்பக் கொஞ்சம். எங்க மேசை நீளத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்ல கோடு கோடா வரும்."

"அப்ப நீங்களும் பாத்ததில்ல?"

நான் ரொட்டியை மென்றேன். பார்த்ததில்லை. பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் அது எனக்கே உறைத்தது.

"என் கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஒரு தடவை நகத்திக் காட்டுங்க. அதுக்கப்புறம் நான் மாத்திச் சொல்றேன்" என்றாள் கோமதி. சொல்லிவிட்டு என் தட்டையும் கழுவுதொட்டியில் போட்டாள். அதையும் நான்தான் கழுவினேன்.

இந்த நிலைமையில்தான் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் கலையரசி என்பவரிடமிருந்து எங்கள் பேராசிரியைக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் ஆவிப் பட்டகத்தைச் சில நாள் இரவல் தர முடியுமா என்று கேட்டிருந்தார். அவர் ஊர்ப் பக்கத்தில் வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரிகிற நீள வீடுகள் இருக்கின்றனவாம். டார்ச் பிடித்த கையை லேசாகத் திருப்பினாலே தூரத்துச் சுவரில் வெளிச்சம் எங்கோ போய்விடுகிறதல்லவா? அதேபோல் எங்கள் துளியூண்டு வளைவும் அவ்வளவு தூரம் போனால் கண்ணுக்கே தெரியும், மாணவர்களுக்குப் படமெடுத்துக் காட்டலாம் என்பது அவர் கணக்கு. பேராசிரியை "கூட யார் போவது?" என்று கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

"மணியம், இது ஒன்றுதான் இருக்கிறது. உடைந்தால் அடுத்ததைச் செய்ய ஒரு வருடம் ஆகும்" என்றார் அவர். அதைச் சிரிக்காமல் சொன்னார்.

பட்டகமும் லேசர்களும் இருந்த பெட்டி எனக்கு முன்பே தனியாகப் போய்விட்டது. அதற்கு மெத்தை, குளிர்சாதன வண்டி, காப்பீடு எல்லாம் உண்டு. எனக்குக் காரைக்குடி ஸ்டேஷனில் கிடைத்தது கலையரசியின் குரல் மட்டுமே. "சார், எனக்குக் கிளாஸ் இருக்கு. டவுன் பஸ்ல ஏறி எங்க காலேஜ் ஸ்டாப்ல இறங்கிருங்க. பத்தே நிமிசம்" என்றார் போனில்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த பெருமையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒரு பெண் "அண்ணே, இதச் செத்தப் பிடிங்க" என்று என் மடியில் ஒரு தூக்குச்சட்டியை வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே இட்லி மாவு. வெயிலுக்கு அது பொங்கத் தொடங்கி, மூடி மெதுவாக எழுந்து என்னைப் பார்த்தது. நான் கையால் அமுக்கினேன். மாவு பக்கவாட்டில் வந்தது.

"அம்மா, மாவு பொங்குது."

"பொங்கட்டும்ணே. நல்லாத்தேன் புளிச்சிருக்கு."

"நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கணும்."

"அதக் கைல வச்சுக்கிட்டு எப்புடி இறங்குவீக? செத்தப் பொறுங்க."

பொறுத்தேன். அவர் இறங்கியபோது என் நிறுத்தம் போய் நாலு நிறுத்தம் ஆகியிருந்தது. ஈப்போ பஸ்ஸில் பத்து வருடம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து போனாலும் அவர் பெயர் தெரியாது. இங்கே ஏறிய கால் மணி நேரத்தில் ஒரு குடும்பத்தின் நாளைய காலைப் பலகாரம் முழுக்க என் பொறுப்பில் இருந்தது. சட்டையில் மாவோடு வெயிலில் திரும்பி நடந்தேன்.

கல்லூரி வாசலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். அவர்தான் கலையரசி. "பெட்டி எப்பவோ வந்துருச்சு சார். உங்களத்தேன் காணோம்" என்றார். பிறகு என் சட்டையைப் பார்த்து, "டவுன் பஸ்ஸா?" என்று மட்டும் கேட்டார்.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் நண்டு ரசம் குடித்தேன். அந்த ரசத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை ரசத்தைப் பற்றியதாகிவிடும். மூன்று தடவை வாங்கினேன், நாலாவது தடவை பரிமாறியவரே "போதும்யா, ராத்திரிக்கும் கடை இருக்கு" என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. கண்ணாடி துடைக்கும் ஸ்பிரிட்டை விமானத்தில் விடமாட்டார்கள் என்று ஊரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அதைக் கடையில் வாங்க வேண்டும். கடைக்குப் போகும் வழியில் ஒரு அம்மா வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு, தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல். பத்தாவது பணியாரத்தில் ஸ்பிரிட் என்ற சொல்லே என் தலையிலிருந்து கழன்றுவிட்டது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் வலையபட்டி. கலையரசி தெரிந்தவர்கள் மூலம் ஒரு பெரிய வீட்டை ஒரு நாளைக்குக் கேட்டு வைத்திருந்தார். நிஜமாகவே நீளம். வாசலில் நின்றால் முற்றம், அதற்கப்புறம் இன்னொரு முற்றம், கடைசியில் தீப்பெட்டி அளவுக்குக் கொல்லைக் கதவு. எங்கள் ஆய்வுக்கூடம் இதில் செருப்பு விடும் இடத்துக்குக்கூடக் காணாது. நான் வாயைப் பிளந்து நின்றேன்.

வீட்டுக் காவல்காரர் எங்கள் முக்காலிகளையும் பெட்டிகளையும் பார்த்து, "ஷூட்டிங்குங்களா? யாரு ஹீரோயினு?" என்றார்.

"ஷூட்டிங் இல்லண்ணே, சயின்ஸு" என்றார் கலையரசி.

"அப்ப வில்லன் படமா?" என்றார் அவர். அதற்குமேல் நாங்கள் என்ன சொல்லியும் அவர் மனம் மாறவில்லை. சாயங்காலம் வரை என்னை டைரக்டர் சார் என்றே கூப்பிட்டார்.

பட்டகத்தை அதன் அடுப்புக்குள் வைத்தேன். அடுப்பு என்றால் சாப்பாட்டு டப்பா அளவில் மூடி போட்ட ஒரு பெட்டி. மின்சாரத்தில் சூடாகும், ஒளி போய்வர இரண்டு பக்கமும் ஓட்டை. கிட்டத்தட்டத் தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கு அது வர இரண்டு மணி நேரம் பிடிக்கும். கொல்லைக் கதவில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினோம். எங்கள் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாத சிவப்பு. என் புதுப் போன் கேமராவில் அது தெரியாது, மட்டமான பழைய போனில்தான் தெரியும் என்று கலையரசி தன் அம்மாவின் பழைய போனைக் கொண்டுவந்திருந்தார்.

லேசரைப் போட்டேன். போனில் வெள்ளைத் துணியின்மேல் வெளிர் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் வந்தது. ஆனால் அந்தப் பொட்டு ஓரிடத்தில் நிற்கவில்லை. மேலே போனது, கீழே வந்தது, இடது பக்கம் ஓடியது, திரும்பி வந்து குதித்தது. கோவில் திருவிழாவில் சாமி வந்த ஆள்போல ஆடியது. மாமியாரையும் விட்டுப் பார்த்தேன். அவர் சொல்லையும் கேட்கவில்லை.

காரணம் எனக்கு உடனே புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. இரண்டு முற்றங்களிலும் உச்சி வெயில். தரைச் சூட்டில் காற்று கிளம்பி அலைகிறது. தார் ரோட்டுக்கு மேலே தூரத்துப் பொருள் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. அந்தக் காற்று வளைக்கிற அளவில் பத்தில் ஒரு பங்குகூட எங்கள் பட்டகம் வளைக்காது. பதினோரு வருட உழைப்பை ஒரு முற்றத்து வெயில் இளக்காரம் செய்துவிட்டது. நடுவில் கலையரசியின் அம்மாவுக்குப் போன் வேறு வந்தது. முருங்கைக்காய் வேண்டுமா என்று யாரோ விசாரித்தார்கள்.

போதாக்குறைக்கு வீட்டுத் தூசி. பட்டகத்தை வெளியே எடுத்துத் துடைத்துத் துடைத்து, கொண்டுவந்த துடைப்புத் தாள்கள் மொத்தத்தையும் தீர்த்துவிட்டேன். எனக்கு அழுகையே வந்தது. மறுநாள் ஒரு நாள்தான் மிச்சம். அதற்கடுத்த நாள் காலையில் நான் கிளம்பியாக வேண்டும். கோமதி வாசலில் நின்று என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் கலையரசியின் அண்ணன் சோலைமலை சாப்பாட்டு கேரியரோடு வந்தார். புதுவயலில் அரிசி ஆலை நடத்துகிறவர். ஆள் ஆறடி, குரல் எட்டடி. போனில் குதிக்கும் பொட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏன் சார் இம்புட்டுச் சீரழியிறீக? எங்க குடோனும் இதே நீளந்தேன். நாலு பக்கமும் அடைச்ச எடம். காத்துகூட ஆளக் கேட்டுக்கிட்டுத்தேன் உள்ள வரும். நாளைக்கு அங்குட்டு வாங்க."

மூன்றாம் நாள் காலை புதுவயல். ரோட்டின் இரண்டு பக்கமும் நெல் லாரிகள் நிற்க, ஊர் முழுக்க அவித்த நெல் வாசம். அந்த வாசத்துக்கே எனக்குப் பசி எடுத்தது. குடோன் சோலைமலை சொன்னபடியே இருந்தது. நீளமாக, இருட்டாக, மூட்டைகளுக்கு நடுவே நேர் கோடாக ஒரு பாதை. காற்று அசையவே இல்லை. ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. என் காலுக்கடியில் தரை கடகடவென்று அதிர்ந்தது. தரை அதிர்ந்தால் பொட்டும் அதிரும்.

"ஆலையக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

சோலைமலை தாடையைச் சொறிந்தார். "அவிச்ச நெல்லு தொட்டியில நிக்கிது. ரொம்ப நேரம் நின்னா அரிசி செவத்துப் போகும், ஒருத்தனும் வாங்க மாட்டான். பதினோரு மணிக்கு டீக்கு நிறுத்துவோம், கால் மணி நேரம். டீக் கிளாஸ் அம்புட்டும் திரும்ப வந்துச்சுன்னா மோட்டாரப் போட்ருவோம். அந்தக் கால் மணி உங்களுக்கு."

டீக் கிளாஸுக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். முன்பு ஆளுக்கொரு மூலையில் டீயைக் குடித்துவிட்டுக் கிளாஸை நெல்லுக்குள் வைத்துவிடுவார்களாம். ஒரு தடவை கிளாஸ் இயந்திரத்துக்குள் போய் இரண்டு நாள் ஆலை நின்றுவிட்டது. அதிலிருந்து கடைசிக் கிளாஸ் வந்து சேராமல் யாரும் மோட்டாரைத் தொடுவதில்லை.

எட்டரைக்கே எல்லாவற்றையும் பொருத்தி, அடுப்பைப் போட்டேன். சூடாக இரண்டு மணி நேரம். நான் அங்கேயே உட்கார்ந்து காவல் காத்திருக்க வேண்டும். ஆனால் சோலைமலை வீட்டில் கந்தரப்பம் சுட்டிருந்தார்கள். "வெளிநாட்டுலருந்து வந்துட்டு வெறும் வயித்தோட உக்காந்திருக்கீகளே, எங்களுக்கு நல்லாவா இருக்கு?" என்றார். போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். போனேன். கந்தரப்பம் அபாரமாக இருந்தது.

பத்து ஐம்பதுக்குத் திரும்பினோம். பதினோரு மணிக்கு ஆலை நின்றது. அப்படி ஒரு அமைதி. எங்கோ ஒரு புறா இறக்கை அடிப்பது கேட்டது. கலையரசி குடோனின் அந்தக் கடைசியில் வெள்ளைத் துணிக்கு முன்னால் போனோடு தயாராக நின்றார். டீக் கிளாஸோடு ஆலை ஆட்கள் ஒவ்வொருவராக வந்து ஓரமாக நின்றார்கள். ஒளியின் குறுக்கே யாரும் தலை நீட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு லேசரைப் போட்டேன்.

"வரலியே சார்!" என்றார் கலையரசி அங்கிருந்து.

முடுக்கிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். பொட்டு இல்லை. அடுப்பின் மூடியைத் திறந்தேன். பட்டகத்தின் மூன்று முகங்களிலும், சரியாக நட்ட நடுவில், அழகாகச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது. அடுப்புப் பெட்டியின் மறுபக்கம் ஒரு எலுமிச்சம்பழம்.

ஆலை ஆட்களுக்குத் தலைவியான பாக்கியம் முன்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தலையில் தூசிக்குக் கட்டிய துண்டு.

"நாந்தேன் சார் வச்சேன். புதுசா எந்த மிசினு வந்தாலும் பொட்டு வைக்காம நாங்க ஓட்டுறதில்ல. நேத்து வந்த தராசுக்குங்கூட வச்சோம். சூடா இருந்துச்சு, தீக்குச்சி முனையில தொட்டு வச்சேன். கை படல சார்."

"நடுவிலதான் வைக்கணுமா?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

"பின்ன, ஓரத்துலயா வைப்பாக?"

அவர் மேல் என்ன தப்பு? ஒளி போகிற இடம்தான் அதற்கு நெற்றி. சந்தனம் சூட்டில் காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்பிரிட் இல்லை, அதைப் பணியாரத்தோடு மறந்தாயிற்று. துடைப்புத் தாள் இல்லை, அது வலையபட்டியில் தீர்ந்தது. பட்டகத்தை ஆறவிட்டுத் துடைத்தால் மறுபடி சூடாக இரண்டு மணி நேரம். சூடாக இருக்கும்போதே குழாய்த் தண்ணீரைத் தொட்டு வைத்தால் கண்ணாடி பட்டென்று விரிசல் விடும், உலகத்திலிருக்கும் ஒரே ஒரு பட்டகம் போய்விடும். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று நாலு.

அப்புறம் என் மூளை வேலை செய்தது. ஒளிவிலகல், அணு எதைப் பற்றியும் அது யோசிக்கவில்லை. கண்ணாடி கழுவுகிற மூளை மட்டும் தனியாகக் கிளம்பியது.

"சோலை சார், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற தண்ணி கேன் இருக்கா?" உப்பு இல்லாத தண்ணீர் அது, கறை விடாது. ஆபீசிலிருந்து ஓடிப்போய் எடுத்து வந்தார்.

"டீ மாஸ்டர், அதை ஒரு சுத்தமான டம்ளர்ல ஊத்திக் கொதிக்க வைங்க." சூட்டுக்குச் சூடு என்றால் கண்ணாடி பயப்படாது. டீ மாஸ்டர் டம்ளரை மூன்று தடவை விளக்கிவிட்டு அடுப்பில் வைத்தார்.

"பஞ்சு வேணும். சுத்தமான பஞ்சு."

பாக்கியம் தன் பூசைத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் பிரிக்காத விளக்குத் திரிப் பாக்கெட் ஒன்று இருந்தது.

கழுவினேன். பதினோரு வருடம் கழுவிய கை. கொதிக்கிற தண்ணீரில் திரியை நனைத்து, இடுக்கியில் பிடித்து, ஒரே திசையில் ஒரே இழு. அந்தத் திரியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த திரி. தேய்க்கக் கூடாது, திரும்ப அதே திரியைத் தொடக் கூடாது, மூச்சு மேலே படக் கூடாது. ஒரு முகம் முடிந்தது. இரண்டாவது முகத்தில் குங்குமம் சந்தனத்தோடு சேர்ந்து மல்லுக்கட்டியது. என் நெற்றி வேர்வை சொட்டாமலிருக்கச் சோலைமலை தன் துண்டால் ஒற்றி எடுத்தார். ஆபரேஷன் தியேட்டர் தோற்றது.

"சார், எல்லாரும் டீயக் குடிச்சிட்டாக. மணி பதினொன்னேகால்" என்றார் டீ மாஸ்டர் மெல்ல.

நான் சோலைமலையைப் பார்த்தேன். அவர் தொட்டி இருந்த பக்கம் பார்த்தார். பாவம், அவர் நெல் அவருக்கு. நான் அடுத்த திரியை எடுத்தேன்.

பாக்கியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆட்கள் பக்கம் திரும்பினார். "எவளும் கிளாஸக் குடுக்கக் கூடாது. எவனுந்தேன். கிளாஸு திரும்ப வந்தாத்தானே மோட்டாரு?" என்றார். பிறகு தன் காலிக் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோய், இல்லாத டீயை ஃபூ ஃபூ என்று ஊதினார்.

இருபது பேரும் ஊத ஆரம்பித்தார்கள். ஒரு மூட்டை தூக்கும் ஆள் "சூடு தாங்கலப்பா" என்றார். சோலைமலைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆத்திக் குடிங்கடா, ஆத்திக் குடிங்க" என்று சொல்லிவிட்டு அவரும் ஒரு காலிக் கிளாஸை எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது முகத்துக்கு வந்தேன். அது ஒளி போகாத பின்பக்கம். பாக்கியம் என் தோளுக்குப் பின்னாலிருந்து, "அதுவாச்சும் இருக்கட்டும் சார். ஒரு மொகங்கூட இல்லாம எப்புடி?" என்றார். விட்டுவிட்டேன். மூடியைப் போட்டு, சூடு நிலைக்கக் கொஞ்சம் பொறுத்து, லேசரைப் போட்டேன்.

"வந்துருச்சு!" கலையரசி கத்தினார்.

நான் ஓடினேன். குடோனின் அந்தக் கடைசிக்கு, மூட்டைகளில் இடித்துக்கொண்டு ஓடினேன். பழைய போனின் திரையில் வெள்ளைத் துணிமேல் வெளிர் ஊதாப் பொட்டு. ஆடவில்லை. அசையவே இல்லை. பின்னாலேயே வந்த பாக்கியம் மடியிலிருந்து ஒரு அரிசியை எடுத்து, நாக்கில் ஈரம் தொட்டு, போன் திரையைப் பார்த்துக்கொண்டே பொட்டின் ஓரத்தில் ஒட்டினார். "இதுதேன் எல்லை. நகண்டா தெரியும்" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

"மாமியாரை விடுங்க!" என்று கத்தினேன். அந்த முனையில் நின்ற சோலைமலைக்கு எந்தச் சுவிட்ச் என்று காட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆட்கள் எல்லாரும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்கள்.

பொட்டு நகர்ந்தது.

மெல்ல, சத்தமில்லாமல், அரிசியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. மாமியாரை நிறுத்தச் சொன்னேன், திரும்பி வந்தது. விடச் சொன்னேன், போனது. யாரும் ஊதவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சொல்வதற்கு வெட்கமில்லை, தேம்பித் தேம்பி அழுதேன்.

"ஒரு அரிசி நகண்டிருக்கு" என்றார் சோலைமலை, இங்கே ஓடிவந்து பார்த்துவிட்டு.

"என்ன அரிசி?" என்றார் பாக்கியம். "பொன்னியா, இட்லி அரிசியா? இட்லி அரிசி குட்டை. சரியாச் சொல்லணும்ல, வெளிநாட்டுக்குப் போற கணக்கு." உற்றுப் பார்த்துவிட்டு அவரே முடிவு சொன்னார். "பொன்னி."

கலையரசி பொட்டை, மறுபடி காலிக் கிளாஸை ஊத ஆரம்பித்த ஆட்களை, எல்லாவற்றையும் படமெடுத்தார். அதற்குள் யாரோ முதல் கிளாஸைக் கூடையில் வைத்தார்கள், ஒவ்வொன்றாக எல்லாம் வந்தன, மோட்டார் ஓடியது, பொட்டு நடுங்க ஆரம்பித்தது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம் ஆலை நின்றிருந்தது. அரிசி செவக்கவில்லை என்று சாயங்காலம் சோலைமலை போன் போட்டுச் சொன்ன பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. ஆனால் நிறையவே இறங்கியது.

ஈப்போ வந்து சேர்ந்தேன். பெட்டி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. பேராசிரியை பட்டகத்தின் பின்பக்கத்துப் பொட்டைப் பார்த்து, இது என்ன என்றார். அது இல்லாமல் வேலை செய்யாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் துடைக்கச் சொல்லவில்லை.

அன்று சாப்பிட்டு முடித்ததும் கோமதியிடம் படத்தைக் காட்டினேன். போனை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். பொட்டு போனது, வந்தது, போனது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்" என்றேன். பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, பாக்கியம் கொடுத்தனுப்பிய அந்த ஒற்றைப் பொன்னி அரிசியை அவள் உள்ளங்கையில் வைத்தேன். "இவ்ளோ தூரம்."

அவள் அரிசியைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் போட்டாள். "கடைசியில ஏன் எல்லாரும் காலிக் கிளாஸை ஊதிக்கிட்டு நிக்கிறாங்க?" என்றாள். முழுக் கதையையும் சொன்னேன். பொட்டு, திரி, பேட்டரித் தண்ணீர், பாக்கியம், ஒன்று விடாமல். சிரித்துச் சிரித்துச் சோபாவில் சாய்ந்துவிட்டாள். பிறகு சிரிப்பதை நிறுத்தி மூன்றாவது தடவை படத்தைப் பார்த்தாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மனசு கொஞ்சம் வாடித்தான் போனது.

மறுநாள் காலை குளித்துவிட்டு வரும்போது சமையலறையில் அவள் தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் வெளியே நின்றுவிட்டேன்.

"இல்லக்கா, வெளிச்சத்தை நகத்துறாரு. ஆமா, வெளிச்சத்தைத்தான். ஒரு அரிசி தூரம். சும்மா இல்ல, பொன்னி அரிசி. உன் வீட்டுக்காரர் நகத்துவாரா?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் குரல் உயர்ந்தது. "எப்படி நகத்துனாருன்னா கேக்குற? கண்ணாடியை அவரை மாதிரி யாராலயும் கழுவ முடியாதுக்கா!"